அத்தியாயம் 7: டாக்டர் கேட்காமல் விட்டது

விருத்தாசலத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர் இருமலோடு டாக்டரிடம் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

“எத்தன நாளா இருமல்?”

“கொஞ்ச நாளாத்தான் சார்.”

“சளி, காய்ச்சல்?”

“அதெல்லாம் இல்ல சார். படி ஏறுனா மேமூச்சு வாங்குது.”

“பீடி, சிகரெட்?”

“அத எப்பவோ வுட்டுட்டேன் சார்.”

“சரி பெரியவரே, அஞ்சு நாளைக்கு எழுதுறேன். கேக்கலைன்னா வாங்க.”

இருவர் பேரிலும் குற்றமில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம். ஆனால் இந்தப் பெரியவர் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருடம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்ற விஷயம் அந்த அறைக்குள் வரவே இல்லை. டாக்டர் கேட்கவில்லை. வேலையை விட்டே பத்து வருடம் ஆகிறது, அதை எதற்குச் சொல்வது என்று இவரும் விட்டுவிட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். வயதான காலத்தில் டாக்டரிடம் எதை எப்படிச் சொல்வது என்பதில் எல்லா ஊருக்கும் பொதுவான விஷயங்கள் உண்டு. பிறகு அவற்றுக்கு வருவோம். விருத்தாசலத்துக்காரர் முதலில் கவனிக்க வேண்டியது தூசியை.

தூசி எங்கே இருந்தது

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்தான் இந்த ஊர்ப் பீங்கான் தொழிலுக்குப் பெரிய பலம். ஊறுகாய் ஜாடி, டீக் கோப்பை, அகல் விளக்கு, கொலு பொம்மை, மெயின் பாக்ஸில் மாட்டும் ஃபியூஸ் கட்டை என்று எதைச் செய்தாலும் அடிப்படைச் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: களிமண், குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல் பொடி, ஃபெல்ட்ஸ்பார். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. மண் கூழாக, ஈரமாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. காய்ந்த பிறகுதான் வம்பு. மூட்டையை அவிழ்த்து, சரக்கை அரைக்கும் பால் மில்லில் கொட்டும்போது தூசி கிளம்பும். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கோப்பையின் பிசிறைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கும்போது கிளம்பும். மாலையில் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும்போது எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிளம்பும். நாள் முழுக்கப் படிந்தது மொத்தமும் மறுபடி காற்றில் ஏறுவது அப்போதுதான். பெருக்கியதை யாரும் ஒரு வேலையாகவே நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெருக்கியது பெரும்பாலும் பெண்கள் என்பதாலும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடும் தொண்டையோடும் நின்று தும்மலில் வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கும். வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. இறங்கிய சிலிக்காவை உடம்பால் கரைக்க முடிவதில்லை. அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு கட்டிய இடம் காற்று வாங்காது. இதைத்தான் சிலிக்கோசிஸ் என்கிறார்கள். வழக்கமாகப் பத்து, இருபது வருடம் தூசியில் இருந்த பிறகே தலைகாட்டும். வேலையை விட்ட பின்னும் முற்றிக்கொண்டு போகக்கூடும். கட்டிய தழும்பை எடுக்க மருந்து இல்லை.

மருந்தே இல்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் காசநோயில் இருக்கிறது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு எளிதாகப் பிடிக்கும். இரண்டுமே எக்ஸ்ரேயில் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் தெரியும். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது வெகு சுலபம். தேவையில்லாமல் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிடுவதும் நடக்கும். ‘இது தூசி இருமல்தானே’ என்று நிஜமான காசநோயைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கும். பழைய வேலை என்ன என்று தெரிந்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற விதமே வேறு. சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார், பழைய எக்ஸ்ரேயோடு வைத்துப் பார்ப்பார், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போடலாமா என்று யோசிப்பார். எந்த இருமலும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். செலவு கிடையாது.

1700ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற டாக்டர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அதில் மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். பாத்திரத்துக்கு மெருகு போடும் ஈயத்தால் குயவர்கள் படும் பாட்டைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி பாதி அறைகளில் கேட்கப்படுவதில்லை. அதனால் அதற்காகக் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுவது உத்தமம்.

‘செராமிக்ஸில் இருந்தேன்’ என்றால் போதாது. கணக்குப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார். ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

“1986 முதல் 1993 வரை பால் மில்லில் மூட்டை கொட்டினேன். துண்டு மட்டும் கட்டிக்கொண்டேன். 1993 முதல் 2011 வரை ஃபியூஸ் கட்டை பிசிறு எடுக்கும் வேலை, மூடிய ஷெட், தினம் எட்டு மணி நேரம். பீடி 15 வருடம், 2005இல் விட்டேன். காசநோய் மருந்து சாப்பிட்டதில்லை. வீட்டில் விறகு அடுப்பு 2010 வரை.”

இதைப் படிக்க டாக்டருக்கு அரை நிமிடம் ஆகாது. சூளை வாயில் வருடக்கணக்கில் நின்றவர் கண் டாக்டரிடமும் அதைச் சொல்ல வேண்டும். அந்த அனல் கண்புரைக்கு ஒரு காரணம். கிளேஸ் கலக்கியவர், தெளித்தவர் அதையும் எழுதட்டும்.

வேலையைப் பற்றிய பழைய காகிதங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிலிக்கோசிஸ் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. நஷ்டஈட்டுக்கு உரிய தொழில்நோயும்கூட. 2019இல் ராஜஸ்தான் அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் எந்தக் கம்பெனியில், எத்தனை வருடம் என்பதற்குத் தாள் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் வாசலோடு நின்றுவிடும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருடம் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால், தனக்கும் தன் மனைவி அல்லது கணவருக்கும் தொடர்ந்து வைத்தியம் பெறலாம். வெளியே ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிற செலவுகூட அதைவிட அதிகம்.

மாத்திரைப் பை

ஒரு பெரியவருக்கு மாத்திரை எத்தனை வழியில் வருகிறது என்று பாருங்கள். ஜி.ஹெச்.சில் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கும் பிரஷர், சுகர் மாத்திரை. நடக்க முடியாதவருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று மாநிலம் முழுக்க நடக்கிறது. அப்புறம் கடைத்தெரு டாக்டர் எழுதுவது. மகள் சென்னையிலிருந்து வாங்கி அனுப்புவது. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் கடைசியில் ஒரே மஞ்சப்பையில் வந்து சேர்கிறது.

ஆபத்து அந்தப் பையில்தான். ஜி.ஹெச்.சில் தரும் அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயரே இருக்கும். அதே அம்லோடிபின் வெளியே வேறொரு கம்பெனிப் பெயரில், வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். இரண்டும் வேறு மாத்திரை என்று நினைத்துக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டால் ஒரு மாதத்தில் கணுக்கால் வீங்கும். கால் வீக்கம் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. டோஸ் கூடினால் அதுவும் கூடும். வீக்கத்தைக் காட்ட மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போவார்கள். அவர் பையைப் பார்க்காமல், நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதுவார். ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கும். பிரஷர் ஏற்கெனவே இறங்கிக் கிடப்பதால் எழுந்ததும் தலை சுற்றும். இடுப்பு எலும்பு முறிந்து வந்து சேர்கிற பாட்டிகள் பலருடைய கதையைப் பின்னோக்கி விசாரித்தால் இப்படி ஒரு மாத்திரை வரிசை கிடைக்கும். விழுந்ததற்குப் பழி பாத்ரூம் டைல்ஸ் மேல் போடப்பட்டிருக்கும்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது ‘வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை’ என்று சொல்லாமல் பையை அப்படியே எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அட்டையை வெட்டி எடுக்கும்போது பெயர் உள்ள ஓரத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போது, கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பேனாவால் வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “இதுல எதையாவது நிறுத்தலாமா சார்?” புதிதாகச் சேர்க்கும் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். குறைக்கும் கேள்வியை நீங்கள் கேட்டால்தான் உண்டு. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

செட் மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டி வலிக்கிறது என்றதும் கடைக்காரர் நாலு மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்து, மூன்று வேளைக்கு மூன்று பொட்டலமாகத் தருவது நம் ஊரில் சாதாரணம். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். அன்று சாயங்காலமே வலி பறந்துவிடும், அதனால்தான் மறுபடி போகிறோம். வயதான சிறுநீரகம் இதைத் தாங்காது. பிரஷர் ஏறும், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சுகர் எகிறும். இதையெல்லாம்விட மோசம், பொட்டலத்தில் பெயர் இல்லாததால் என்ன சாப்பிட்டீர்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத மாத்திரையை விழுங்குவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சித்த மருந்து, லேகியம், பஸ்பம் சாப்பிடுகிறவர் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

‘உடம்பு சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க’ என்று நாமே கேட்டு வாங்கும் டிரிப்பையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அரை லிட்டர் சலைன் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். வாயால் குடிக்க முடிகிறவருக்கு வீட்டுக் கஞ்சியில் அதைவிடத் தெம்பு இருக்கிறது. ஊசியும் டிரிப்பும் போடாமல் அனுப்புகிற டாக்டரை ‘ஒண்ணுமே பண்ணல’ என்று சொல்லும் பழக்கத்தால்தான் பல இடங்களில் பாட்டில் தொங்குகிறது.

விரதமும் மாத்திரையும்

மாசிமகம் வந்தால் மணிமுத்தாற்றில் முழுக்குப் போட்டு, திதி கொடுத்து, பழமலைநாதரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு என்று இருக்கும் பெரியவர்கள் ஏராளம். பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசியும் அப்படித்தான். விரதம் இருங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் பாதாளத்துக்குப் போகும். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு. கூட்டத்தில் ‘வெயில் தாங்கல’ என்று உட்காரவைத்துவிடுவார்கள். விரத நாளுக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ கையில் இருக்கட்டும்.

சொல்லக் கூச்சப்படுபவை

இந்த ஊர்க் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். குரு நமசிவாயர் பசியோடு இங்கே வந்து பெரியநாயகியைப் பாடிச் சோறு கேட்டார். பாட்டில் தன்னைக் கிழவி என்று சொல்லிவிட்டாரே என்று அம்மனுக்குக் குறை. கிழவியால் எப்படிச் சோறு சுமந்து வர முடியும் என்று கேட்க, அவர் மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து சோறு தந்தாளாம். அம்மனுக்கே வயதைச் சொன்னால் பிடிக்கவில்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் டாக்டர் அறையில் இது எடுபடாது. கீழே விழுந்தது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காது மந்தம், மறதி: இவற்றை டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. மற்ற எதைவிடவும் இவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். உட்கார்ந்து பிரஷர் பார்த்த பிறகு, நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் இருபதுக்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். இந்தச் சோதனைக்குத் தனி மெஷின் வேண்டாம், கேட்க ஆள்தான் வேண்டும்.

கூடப் போகும் மகனுக்கோ மருமகளுக்கோ ஒரு வார்த்தை. “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் முதலில் பேசட்டும், விட்டதை நீங்கள் சேருங்கள். கடைசி அரை நிமிடத்தில் டாக்டர் சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லவையுங்கள்; எந்த மாத்திரை எப்போது என்பதில் இருக்கும் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும். பெண்களுக்குத் தனியாகச் சொல்ல விஷயம் இருக்கும். மகன் கொஞ்ச நேரம் வெளியே நிற்கலாம்.

வெளியூர் போகும்போது

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ எழுதிக் கொடுத்தால், எதற்காக அனுப்புகிறார்கள் என்பதைச் சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘மேல்சிகிச்சை’ என்று மட்டும் இருந்தால் அங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காமல் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் நடக்கும். அட்டை எடுக்க, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க வேண்டும். இதை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். படுத்த பிறகு அலைய ஆள் இருக்காது. நெஞ்சு அடைப்பு, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, வாய் கோணுவது என்றால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிராமல், பஸ்ஸுக்கும் காரோட்டத் தெரிந்த பையனுக்கும் காத்திராமல் 108.

எங்கே தங்கி வைத்தியம் பார்த்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் வெளியே வராதீர்கள். முழு கேஸ் ஷீட்டும் வேண்டுமென்றால் கேட்கலாம். தங்கிப் பார்த்த வைத்தியத்தின் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். வெள்ளைத் தாளில் எழுதி, நோயாளி பெயர், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி போட்டு, நோயாளியே கையெழுத்திட்டுக் கொடுங்கள். இன்னொரு தாளில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் அந்தத் தேதியிலிருந்து ஆரம்பம்.